குதிரைமுடி பிரஷ்

அத்தியாயம் 11

போன வாரம் லோர்னா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தட்டில் பாதி மான்கறியை அப்படியே விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனோமே, அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவர்கள்தான் என் மகளும் மகனும். ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் சனிக்கிழமை. கடைசிப் பந்தயம்.

சண்டை எதற்கு என்பது மறந்துபோயிருந்தால் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் மினசோட்டாவில் எல்லா மண்டலத்துப் பிள்ளைகளும் மோதுகிற பனிச்சறுக்குப் போட்டி. எங்கள் மண்டல அணியில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு எட்டு இடம். சீசனில் ஆறு தகுதிப் பந்தயம் வைப்பார்கள். ஆறில் ஒருத்திக்கு எந்த நான்கு நன்றாக வந்ததோ அந்த நான்கின் புள்ளியைக் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். ஏழு இடம் ஜனவரியிலேயே முடிந்துபோயிற்று. எட்டாவது இடத்தில் நிற்பவள் பிரிட்டா, என் மகன் கார்லின் பெண். ஒன்பதாவது ஐலா, என் மகள் லோர்னாவின் பெண். இருவருக்கும் பதினைந்து வயது. ஒரே தொட்டிலில் மாறி மாறிக் கிடந்த பிள்ளைகள்.

கார்ல்தான் கிளப்பின் பயிற்சியாளன். அணியைத் தேர்ந்தெடுக்கிற மூன்று பேர் குழுவிலும் இருக்கிறான். எட்டுப் பேருக்கு மேல் ஒன்பதாவதாக ஒரு பிள்ளையைக் குழு தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் விருப்பப்படி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். காட்டில் மரம் வெட்டின காலத்தில் மேஸ்திரியும் நல்ல ரம்பத்தை விருப்பப்படிதான் கொடுப்பான்.

இன்னொன்றும் இருந்தது. டிசம்பர் கடைசியில் நடந்த மூன்றாவது பந்தயம். அதற்கு முந்தின இரண்டிலும் பன்னிரண்டாவது, பதினான்காவது என்று வந்துகொண்டிருந்த பிரிட்டா, அன்று மூன்றாவதாக வந்தாள். ஐலா அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அந்த ஒரு மூன்றாவது இடம்தான் பிரிட்டாவை எட்டில் நிறுத்தியிருக்கிறது.

"உங்கப்பன் ஏதோ பண்ணிருக்கான்" என்று போன வாரம் மேசையில் பிரிட்டாவைப் பார்த்தே சொன்னேன். லோர்னா தலையாட்டினாள். கார்ல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சண்டை அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியும்போதே ஏரிப் பக்கமிருந்து ஈரப் பனி விழ ஆரம்பித்துவிட்டது. வெப்பமானியில் ஃபாரன்ஹீட்டில் முப்பத்தொரு டிகிரி. முப்பத்திரண்டில் பனி தண்ணீராகிவிடும். சறுக்குப் பலகைக்கு மெழுகு போடுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. வானொலியில் இருபத்தாறு என்று சொன்னான். வானொலியை நான் நம்புவதில்லை.

"ஐலாவுக்கு ஒம்பது செகண்டு வேணும்ப்பா" என்றாள் லோர்னா, வண்டியை ஓட்டிக்கொண்டே. "பிரிட்டாவ விட ஒம்பது செகண்டு முன்னாடி வந்தா எட்டாவது எடம் இவளுக்கு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன்."

"யாரோட கம்ப்யூட்டர்?"

"என்னோடதுப்பா."

"அப்ப சரி."

பின்சீட்டில் ஐலா காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. அவள் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு பனி. கிளப்பின் மெழுகு வண்டி அடுப்புப் புகையோடு ஓரமாக நின்றது. முந்தின நாள் சாயங்காலமே எல்லாப் பிள்ளைகளின் ஸ்கீப் பலகைகளையும் கார்ல் வாங்கி அதற்குள் பூட்டிவிடுவான். விடியற்காலையில் மெழுகு போட்டு, சீவி, தேய்த்து, ஒவ்வொரு ஜோடியாக வெளியே கொடுப்பான். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. பெற்ற அப்பனும் கூடாது.

நான் போய் ஐலாவின் ஜோடியைக் கேட்டேன்.

"அவளே வந்து வாங்கிக்குவா" என்றான் கார்ல்.

"அவ கால ஆட்டி ஒடம்ப சூடேத்திக்கிட்டு இருக்கா. குடு, நான் கொண்டு போறேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தான். "நேரா ஐலாகிட்ட போங்கப்பா. எங்கயும் வெக்காதீங்க. எதாலயும் தொடைக்காதீங்க. காதுல விழுந்துதா?"

"ம்ம்" என்றேன். என் காதுக் கருவியால் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. வேண்டியது விழும், வேண்டாதது விழாது. எழுபத்தெட்டு வயதில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் வண்டிக்குப் பின்னால் போய் ஸ்கீயைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் போட்டவன் யார்? எதிரில் நிற்கும் பெண்ணின் அப்பன். இவளுடையதை இரண்டு இழுப்பு குறைவாகத் தேய்த்திருந்தால் யாருக்குத் தெரியும்?

கோட்டுப் பையிலிருந்து என் குதிரைமுடி பிரஷ்ஷை எடுத்தேன். முப்பது வருஷமாக என்னிடம் இருக்கிற பிரஷ். கைப்பிடியில் என் கட்டைவிரல் பதிகிற இடத்தில் குழி விழுந்திருக்கும். முனையிலிருந்து வால்வரை, ஒரே பக்கமாக, ஒவ்வொரு ஸ்கீக்கும் பத்து இழுப்பு. எங்கள் வீட்டில் பந்தயத்துக்குப் போகிற யாருக்கும் கார்லின் வண்டி வருவதற்கு முன்னால் நான்தான் இதைச் செய்வேன். இப்போது கிடைத்தால்தான் உண்டு.

எட்டாவது இழுப்பில் பின்னால் பனி நெரிபட்டது. பிரிட்டா. பதினேழாம் எண் பனியன் போட்டுக்கொண்டு, கையில் அவளுடைய ஸ்கீயோடு மெழுகு வண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"எனக்குக் கிடையாதா தாத்தா?"

"ஒனக்குத்தான் டிசம்பர்லயே பண்ணியாச்சே. போ, ஒங்கப்பன் பாத்தா கத்துவான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மிச்ச இழுப்புகளை முடித்து, பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கீயை ஐலாவிடம் கொடுத்தேன்.

புறப்படும் கோட்டுக்கு முன்னால் ஒரு கூடாரம். அதில் நார்மா கையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு நின்றாள். அன்றைய பந்தயத்தின் தலைமை நடுவர் அவள்தான். மெழுகில் ஃப்ளோரின் கலப்பதை இரண்டு வருஷத்துக்கு முன் தடை செய்துவிட்டார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதைப் போடுகிறவன் நெஞ்சுக்கும் கேடாம். அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பெட்டி. ஸ்கீயின் அடியில் வைத்தால் பச்சை எரிய வேண்டும். இந்த வருஷம் இதற்கு முன் எந்தப் பந்தயத்துக்கும் அது வரவில்லை. இது கடைசிப் பந்தயம் என்பதால் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார்கள்.

ஐலாவின் ஸ்கீயில் சிவப்பு எரிந்தது.

நார்மா நடுவில் வைத்தாள். சிவப்பு. வாலில் வைத்தாள். சிவப்பு.

"இன்னொரு தடவ வை நார்மா" என்றேன்.

"மூணு எடத்துல வெச்சாச்சு ரெய்னோ."

"ஒன் பெட்டி கெட்டுப் போயிருக்கும்."

"இதுக்கு முன்னாடி நாப்பது ஜோடிக்குப் பச்ச காட்டுன பெட்டி இது. இந்த ஸ்கீல இவள விட முடியாது. வேற ஜோடி இருந்தா கொண்டு வாங்க. இருவது நிமிஷம் இருக்கு."

ஐலா அழவில்லை. அவள் முகம் மட்டும் பனி மாதிரி ஆயிற்று. "வேற ஜோடி கல் ஸ்கீதான் இருக்கு" என்றாள்.

நவம்பரில் பனி மெல்லிசாக இருக்கும்போது கல்லில் உரசினாலும் போகட்டும் என்று வைத்திருக்கும் பழைய ஜோடியைத்தான் கல் ஸ்கீ என்போம். அடிப்பக்கமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி கீறல் இருக்கும்.

அதற்குள் லோர்னா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெழுகு வண்டிக்குப் போய்விட்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ராத்திரி பூரா ஒன் வண்டியில இருந்த ஸ்கீடா அது! என்னடா போட்ட அதுல?"

"எல்லாருக்கும் போட்டதத்தான்க்கா போட்டேன்."

"எல்லாருக்கும் பச்ச, என் பொண்ணுக்கு மட்டும் செவப்பா?"

"அக்கா, என்ன அப்பறம் திட்டு. ஐலா, கல் ஸ்கீ எங்க?"

"அம்மா வண்டில இருக்கு மாமா."

"ஓடு!"

அந்தப் பத்து நிமிஷத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கார்ல் கீறல் விழுந்த அந்த அடிப்பக்கத்தைச் சீவினான், இஸ்திரிப்பெட்டியை ஓட்டினான், திறந்த கதவில் காட்டி ஆறவைத்தான், மறுபடி சீவினான், தேய்த்தான். கால் நிற்கிற நடுப்பாகத்தில் பிடிப்புக்குப் போடுகிற மெழுகை மூன்று மெல்லிய பூச்சாகப் பூசினான். அவன் கழுத்தில் வியர்வை ஓடிற்று. நடுவில் பிரிட்டா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, என்னுது வழுக்குது. பிடிப்பே இல்ல."

"இன்னும் ஒரு பூச்சு நீயே போட்டுக்கம்மா. என்னால இப்ப முடியாது."

அவள் தானே போட்டுக்கொண்டு போனாள். தடித்த பூச்சு. நான் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை.

கல் ஸ்கீயை நார்மாவிடம் கொண்டு போனோம். பெட்டியை வைத்தாள். பச்சை.

லோர்னா அதைப் பார்த்து, "இப்ப மட்டும் சுத்தமா வருது பாருங்க" என்று பல்லைக் கடித்தாள்.

ஆனால் நான் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே வண்டி. அதே மேசை. அதே இஸ்திரிப்பெட்டி, அதே பிரஷ், அதே கை. எல்லாம் அதேதான். காலையில் போட்ட ஜோடியில் மட்டும் அதிகமாக என்ன பட்டது?

என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போயிற்று. குதிரைமுடி விரலில் குத்திற்று.

தடை வந்த வருஷம் கார்ல் வீட்டுக்கு வந்து என் ஃப்ளோரின் பொடி டப்பாவை வாங்கிப் போனான். ஈரப் பனியில் அதைப் போல வழுக்குவது எதுவும் கிடையாது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். சட்டம் சட்டம்தான். ஒரு வாரம் கழித்து எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்பினான். அந்தப் பொடியைத் தேய்த்த பழைய பிரஷ், துணி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும், அதிலிருந்து தூசி ஒட்டும் என்று. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பொடி கெட்டது, சரி. பிரஷ் என்ன பாவம் செய்தது? புது பிரஷ் விற்கிறவன் எவனோ எழுதிக் கொடுத்த தாள் என்று சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் போட்டேன்.

முப்பது வருஷத்தில் இந்த பிரஷ் தேய்த்த பொடி எத்தனை டப்பா இருக்கும்?

பந்தயம் ஆரம்பித்துவிட்டது. அரை நிமிஷத்துக்கு ஒருத்தியாக விடுவார்கள். பதினேழு பிரிட்டா, பத்தொன்பது ஐலா. சரியாக ஒரு நிமிஷ இடைவெளி. ஐந்து கிலோமீட்டர். நான் கடைசி ஏற்றத்துக்குப் போய், என் பழைய கைக்கடிகாரத்தோடு நின்றேன். அவர்கள் கடிகாரத்தை நான் எந்நாளும் நம்பினதில்லை.

பிரிட்டா முதலில் வந்தாள். ஏற்றத்தில் அவள் ஸ்கீயின் அடியில் பனி கட்டிக்கொண்டிருந்தது. தடித்துப் பூசினால் அப்படித்தான். காலைத் தூக்கித் தட்டித் தட்டி ஏறினாள்.

"ஹுப், ஹுப், ஹுப்!" என்று கத்தினேன். இரண்டு பேத்திக்கும் சமமாகக் கத்துவது என்று எப்போதோ முடிவு செய்துகொண்டது.

ஐலா வந்தபோது அந்தக் கல் ஸ்கீ கறகறவென்று சத்தம் போட்டது. வழுக்கவே இல்லை. ஆனால் பிடித்தது. ஏற்றத்தை ஓட்டமாகவே ஏறினாள். வாயோரம் எச்சில் உறைந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கடிகாரத்தில் ஏழு நொடி முன்னால்.

"ஹுப், ஹுப்" என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏற்றத்துக்குப் பிறகு முடிவுக் கோடு வரை நீண்ட இறக்கம். இறக்கத்தில் கால் பலம் செல்லாது. ஸ்கீதான் ஓட வேண்டும். கீறல் விழுந்த ஸ்கீ எங்கே ஓடும்?

பதினொன்று நாற்பதுக்குத் தாளை ஒட்டினார்கள். ஐலா பிரிட்டாவைவிட நான்கு நொடி முன்னால். ஒன்பது வேண்டியிருந்தது.

ஐந்து நொடி. நான் ஒருதரம் தும்மி மூக்கைத் துடைக்கிற நேரம்.

தாள் ஒட்டினதிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் புகார் எழுதிக் கொடுக்கலாம். லோர்னா வெப்ப அறைக்குள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது. பக்கத்து பெஞ்சில் ஐலா காலுறையோடு உட்கார்ந்து, கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட, ஆறிப்போன பேஸ்டியைத் தின்னாமல் கையில் வைத்திருந்தாள். உள்ளே இருந்த உருளைக்கிழங்கு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, மாமா பண்ணிருக்க மாட்டாரும்மா" என்றாள் ஐலா. "எனக்கு மெழுகு போட்டுக் குடுக்கலன்னா நான் ஓடியே இருக்க முடியாது."

"நீ சும்மா இரு. அப்பா, இங்க வாங்க. வண்டில அந்த ஃப்ளோரின் ஒட்டுனதுக்கு ஐலா பொறுப்பில்லன்னு நடுவருங்க ஒத்துக்கிட்டா, அந்த ஒம்பதாவது எடத்த இவளுக்குக் குடுக்கச் சொல்லலாம். நார்மாவே சொன்னா."

"கார்லு?"

"அவன கமிட்டிலேந்து எடுப்பாங்க. பயிற்சியாளர் வேலையும் போகும். போகட்டும். நேத்து ஐலா ஸ்கீய அவன் கைல குடுத்ததப் பாத்த ஒரே ஆள் நீங்கதான். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

பேனாவை நீட்டினாள்.

என்ன சொல்வது? இந்த ஒரு கையெழுத்துப் போட்டால் ஐலாவுக்கு இடம். பையில் இருப்பதைக் காட்டினால், தப்பு அவள் வீட்டு ஆளுடையது. அவளுக்கு எதுவும் கிடையாது. கார்ல்மேல் எனக்குப் பத்து வருஷமாகச் சந்தேகம். இப்போது சந்தேகம் எதுவும் இல்லாமல், அவன் செய்யவில்லை என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படித்தான் நினைத்தேன்.

"கண்ணாடி வண்டில இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் பழைய எண்ணெய் பீப்பாயில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பிரிட்டா தனியாக நின்று, கையுறையை நெருப்பில் காட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். எண் பனியனைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அத்த எழுதுறாங்களா தாத்தா?"

"எழுதுறா."

"அப்பாவ எடுத்துருவாங்களா?"

"எடுப்பாங்க."

பிறகு என் கோட்டைப் பார்த்தாள்.

"பாக்கெட்லயே இருக்கா?"

"என்னது?"

"தாத்தா."

"காது கருவி சரியில்லம்மா. என்ன சொன்ன?"

பக்கத்தில் வந்து, என் நல்ல காதின் பக்கமாக நின்று, மெதுவாகச் சொன்னாள். "குடுங்க. நெருப்புல போட்டுர்றேன். முடிதான? ஒரு நிமிஷத்துல எரிஞ்சிரும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் கை நீண்டிருந்தது.

பெற்ற அப்பன் பேர் கெட்டாலும் பரவாயில்லை, கிழவனைக் காப்பாற்றலாம் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் நிற்கிறாள். இந்தக் குடும்பத்தில் ஒருவரையும் நம்பாமல் வயதைக் கடத்திவிட்டவன் நான். கடைசியில் தூக்கிப் போட வேண்டியது என் பையிலேயே இருந்திருக்கிறது.

"வேணாம்மா" என்றேன்.

உள்ளே போனபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்து மூன்று. லோர்னா தாளை மடித்து நார்மாவின் மேசையில் வைத்துவிட்டிருந்தாள். கார்ல் எதிர்ப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். படித்துவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது.

பிரஷ்ஷை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஒன் பெட்டிய இது மேல வை நார்மா."

"என்ன இது?"

"வைன்னு சொன்னேன்."

வைத்தாள். வைத்த வேகத்தில் சிவப்பு எரிந்தது. அந்த அறையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள்.

"காலைல ஐலாவோட ஸ்கீல இதத் தேச்சது நான்" என்றேன். "வண்டிக்குப் பின்னால வெச்சு. இவனுக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது."

லோர்னா தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை. நான்காக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு நிமிஷம்ப்பா. இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம்தான் இருந்துது" என்றாள்.

கார்ல் என்னிடம் வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் தாள் அனுப்பினேனே."

"அனுப்பின."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். நம்பல."

"எத நம்பல? தாளையா, என்னையா?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஐலா எழுந்து வந்தாள். காலுறையில் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "தாத்தா, இனிமே என் ஸ்கீய நீங்க தொடாதீங்க." மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அம்மா பக்கம் போகாமல், ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதோடு முடிந்தது என்று தொப்பியைத் தலையில் வைத்தேன்.

"ஒரு நிமிஷம் ரெய்னோ" என்றாள் நார்மா. பிரஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே என் பேரை எழுதிக்கொண்டிருந்தாள். "நான் கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த பிரஷ் இந்த சீசன்ல வேற எந்தப் பிள்ளையோட ஸ்கீலயாவது பட்டுதா? தகுதிப் பந்தயம் எதுக்காவது? பட்டிருந்தா அந்த முடிவையும் எடுத்துரணும். விதி அப்படி."

டிசம்பர்.

கார்ல் குடும்பத்தோடு அவன் வண்டியில்தான் போயிருந்தேன். அங்கேயும் ஈரப் பனி. பிரிட்டாவின் ஸ்கீயில் பனி ஒட்டுகிறது என்று அவளே என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். கார்ல் எங்கோ காபி வாங்கப் போயிருந்தான். பத்து இழுப்பு. இரண்டுக்கும் பத்துப் பத்து. மூன்றாவதாக வந்தாள். உங்கப்பன் ஏதோ செய்திருக்கிறான் என்று நான்தான் சொன்னேன்.

அவள் காலா, என் பிரஷ்ஷா, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. விதிக்கு அது வேண்டியதும் இல்லை. ஆமாம் என்றால் டிசம்பர் போய்விடும். பிரிட்டா இறங்குவாள். எட்டாவது இடம் ஐலாவுக்கு. இல்லை என்றால் பட்டியல் இப்படியே நிற்கும். கார்லுக்குத் தெரியாது. லோர்னாவுக்குத் தெரியாது. சாட்சி கிடையாது, ஒருத்தியைத் தவிர.

வாசலைப் பார்த்தேன். பிரிட்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழாம் எண் அவள் மூச்சுக்கு ஏறி இறங்கிற்று. சற்று முன்பு நெருப்பு ஓரத்தில் நீண்ட அந்தக் கை யாரைக் காப்பாற்றத்தான் நீண்டது என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் தலையாட்டவில்லை, கண்ணால் எதுவும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்தாள். ஜன்னல் ஓரத்தில் மற்றவள் முதுகு அசையவில்லை.

"கேட்டுதா ரெய்னோ?" என்றாள் நார்மா, பேனாவைத் திறந்தபடி.

அன்றைக்குப் பார்த்து என் காதுக் கருவி நன்றாக வேலை செய்தது.